கயிற்றைப் பிடித்திருந்தவள்

நம் வகுப்புக் குரூப்பில் போன வாரம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் அறுபதைத் தொடப்போகிறோம், ஒரு நாளாவது ஒன்றாகப் போய்வருவோம் என்று பேச்சு வந்தது. நாவுலைப் பக்கம் நீர்த்தேக்கத்தில் போட் சவாரி, மத்தியானம் கரையிலேயே மீன் சாப்பாடு என்று முடிவாயிற்று. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஏறுகிற ஒவ்வொருத்திக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? அதற்கு ஒருத்தி சிரித்த முகம் ஒன்றைப் போட்டாள். இந்த வயதில் செத்தால்தான் என்னடி, வாழ்ந்தாயிற்றே என்று இன்னொருத்தி எழுதினாள். நான் வரவில்லை என்று எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கோபமா என்று பிறகு தனியாகக் கேட்டீர்கள். கோபம்தான். அது உங்கள் மேல் வந்த கோபம் இல்லை, ரொம்பப் பழையது. எனக்கு ஒரு அக்கா இருந்தாள், தண்ணீரில் போய்விட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படிப் போனாள் என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அப்போது சொல்லியிருக்கமாட்டேன். இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

எனக்குப் பதினொரு வயது. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குப் பாக்டரியில் வேலை. அக்கா சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். பெரியவர்கள் எதைச் சொன்னாலும் அக்கா ஏன் என்று கேட்கமாட்டாள். அதற்காகவே எல்லாரும் அவளை மெச்சினார்கள். என்னைத் திட்டும்போதெல்லாம் அவளைக் காட்டித்தான் திட்டுவார்கள். பார், உன் அக்கா வாய் திறக்கிறாளா என்பார்கள்.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு, சாதிக்காய் மொத்த வியாபாரம். மாதா கோயிலில் பூசைக்கு உட்காருகிற முதல் வாங்கு அவருக்கு. தாய் தகப்பன் இல்லாமல் போனபின் அப்பாவைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மறு சொல் கிடையாது. அவர் வந்து போனால் வீட்டில் அரை நாளைக்குக் கராம்பு மணக்கும். இன்றைக்கும் என் சமையலில் கராம்பு போடுவதில்லை. அவரைப் பற்றி மரியாதையாகத்தான் எழுதுகிறேன். வளர்ப்பு அப்படி. மனசுக்குள் நான் அவரை என்னவென்று கூப்பிடுவேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியிருந்தன. பெரியப்பா கொழும்பிலிருந்து ஒரு ஜப்பான் மோட்டார் கொண்டுவந்து, நாவுலைக்கு அந்தப் பக்கம் ஒரு நீர்த்தேக்கத்தில் மரப் போட் ஒன்றைச் செய்து மாட்டினார். வெளிர்நீலப் பெயின்ட். உட்கார மெத்தை போட்ட பலகைகள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வியாபார நண்பர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவதற்காக மட்டும் அந்தப் போட். டவுனில் கார் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். போட் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

சித்திரை வருஷ லீவில் எங்களைக் கூப்பிட்டார். காலையில் பஸ் ஏறிப் போனோம். அப்பாவும் பெரியம்மாவும் கரையில் அடுப்பு மூட்டிச் சமைக்க நின்றுவிட்டார்கள். போட்டில் ஏறியது பெரியப்பா, அவர் மகன், அம்மா, அக்கா, நான். பெரியப்பா மகனுக்கு என்னைவிட மூன்று நான்கு வயது கூட. நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தகப்பனுக்கு முன்னால் அவன் குரல் எழும்பி நாங்கள் கேட்டதே இல்லை.

போட்டுக்குள் காற்றடித்த லொறி டியூப் இரண்டு கிடந்தன, ஒரு துடுப்பும் கிடந்தது. செய்துகொடுத்த ஆசாரி போட்டுவிட்டுப் போனதாம். பெரியப்பா மூன்றையும் தூக்கிக் கரையில் எறிந்தார். டியூப் கறுப்பாக அசிங்கமாக இருக்கிறது, மெத்தையில் கறை படும் என்றார். மோட்டார் இருக்கும்போது துடுப்பு எதற்கு என்றார். அவருடைய தோல் உறை போட்ட ரேடியோவுக்கு மட்டும் முன் பலகையில் இடம் ஒதுக்கினார்.

நீர்த்தேக்கத்தின் ஒரு கை மலைக்குப் பின்னால் வளைந்து போகும். அங்கே திரும்பிவிட்டால் சமைக்கிற கரையிலிருந்து பார்க்க முடியாது. நாங்கள் திரும்பினோம். கொஞ்ச நேரத்தில் மேகம் கறுத்துக் காற்று வந்தது. சித்திரை மாசம் மத்தியானத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் தினமும் இடி மழைதான். அம்மா மேகத்தைப் பார்த்தாள். திரும்பலாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. புருஷனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அக்காவின் காதில் சொன்னாள். அக்கா மெதுவாகச் சொன்னாள். பெரியப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

அப்போது மோட்டார் நின்றது. நின்றதும் போட் பக்கவாட்டாகத் திரும்பி, அலை விலாவில் அடிக்கத் தொடங்கியது. பெரியப்பா எழுந்து நின்றார். ஒரு காலைப் போட்டின் விளிம்பில் ஊன்றி, மோட்டாரின் கயிற்றை இழுத்தார். ஒரு தரம் இழுத்தார், இரண்டு தரம் இழுத்தார், மூன்றாம் தரம் வழுக்கி எங்கள் மேல் விழுந்தார். எல்லாரும் ஒரே பக்கம் சரிந்தோம். வானம் போய்ப் பச்சைத் தண்ணீர் வந்தது.

தண்ணீருக்குள் முதலில் எனக்குத் தெரிந்தது பெற்றோல் வாடை. பிறகு என் தலைமயிரில் ஒரு கை. அம்மா என்னை மயிரைப் பிடித்தே மேலே இழுத்தாள். போட் கவிழ்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. தெரியாததால் கண்ணுக்குத் தெரிந்த ஒரே பிடிமானத்தைப் பிடித்தாள். என் கையை எடுத்துப் போட்டின் அடிக்கட்டையில் வைத்தாள். அண்ணனின் கையையும் வைத்தாள். அக்கா அந்தப் பக்கம் பிடித்திருந்தாள், அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஐந்து பேரும் மிதந்தோம், யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இதை மறக்காமல் மனசில் வையுங்கள்.

பெரியப்பா சுற்றிப் பார்த்தார். கரை தெரிந்தது. தண்ணீரிலிருந்து பார்த்தால் கரை எப்போதும் கிட்டத்தான் தெரியும்.

"போட் முழுகப் போகுது. விட்டுட்டு எல்லாரும் என் பின்னால நீந்தி வாங்க" என்றார்.

போட் முழுகவில்லை. மரம் எப்படி முழுகும்? ஆனால் அவர் சொல்லிவிட்டு நீந்தத் தொடங்கினார். அக்கா தோட்டத்து ஓடையில் குளிக்கிற இடத்தில் இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு நீந்துவாள். அவளுக்குத் தெரிந்த நீச்சல் அவ்வளவுதான். பெரியப்பா திரும்பி அவள் பெயரைச் சொல்லி, வா என்றார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "போகாதடி, கட்டையை விடாதடி" என்று கத்தினாள். அக்கா இரண்டு பேரில் பெரியவர் யாரோ அவர் சொன்னதைச் செய்தாள். பாவாடையும் வெள்ளைப் பிளாஸ்டிக் செருப்புமாக, கையை எடுத்தாள்.

அவள் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனாள். மழை இறங்கியது. பெரியப்பாவின் தலை முன்னால், அவள் தலை பின்னால். இடைவெளி கூடிக்கொண்டே போனது. அவள் ஒருமுறை கையைத் தூக்கிக் கூப்பிட்டாள். பெரியப்பா திரும்பவில்லை. பிறகு ஒரு தலைதான் இருந்தது.

அம்மா அழவில்லை. அழுதால் எங்கள் இரண்டு பேருக்கும் கை நழுவும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மழைக் குளிரில் விரல் மரத்துப்போனது. அம்மா மாதா பிரார்த்தனையைச் சொல்லத் தொடங்கினாள். அவள் ஒரு வரி சொன்னால் நாங்கள், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். யார் குரல் தளர்ந்தாலும் தண்ணீருக்குள் காலால் உதைத்தாள். பிரார்த்தனை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மழை விட்டபிறகு மீன் பிடிக்கிற சிங்கள ஐயா ஒருவர் எங்கள் சத்தம் கேட்டுத் தோணியோடு வந்தார். தோணியும் கவிழாதபடி ஒவ்வொருவராக, பின்பக்கத்தால் ஏற்றினார்.

அக்காவை மறுநாள் புல் அடர்ந்த ஒரு மூலையில் எடுத்தார்கள். செருப்பில் ஒன்று கிடைத்தது. ஒற்றைச் செருப்பை வைத்து என்ன செய்ய என்று அம்மா அதைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தாள். ரேடியோ கிடைக்கவில்லை. அது கிடைக்காததைப் பற்றிப் பெரியப்பா செத்தவீட்டில் ஒருவரிடம் வருத்தப்பட்டதை நான் கேட்டேன்.

நாங்கள் கரைக்கு வருவதற்குள் அவர் கதையைச் சொல்லி முடித்திருந்தார். பிள்ளை விளையாட்டுக்கு எழுந்து நின்றது, போட் சரிந்தது. பிடி பிடி என்று கத்தினேன், பயத்தில் கையை விட்டு நீந்தப் போய்விட்டது. நான் உதவி கூப்பிட உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நீந்தி வந்தேன். இதுதான் அவர் சொன்னது. வாழ்நாளில் ஒருநாளும் அனுமதி கேட்காமல் எழுந்து நிற்காத பிள்ளை விளையாட்டுக்கு எழுந்து நின்றாள் என்று ஊர் நம்பியது. மரண விசாரணையில் அவர் அதையே சொன்னார். அண்ணனைக் கேட்டபோது, தகப்பனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அம்மா உண்மையைச் சொன்னாள். பெற்ற வயிறு, புத்தி கலங்கிப் பேசுகிறாள் என்று எழுதாமலே விட்டார்கள். நான் வீட்டில் சொன்னேன். அப்பா என் கன்னத்தில் அறைந்தார். அதுவரை அவர் என்னை அடித்ததில்லை.

அந்த அறையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அப்போது அப்பா பெரியப்பாவுக்குப் பயந்தார் என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. எங்களை நம்பினால் மகளோடு தன் அண்ணனையும் அன்றைக்கே இழக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு பேரை இழக்க அவருக்குத் தெம்பு இல்லை. அதனால் செத்த பிள்ளையின் தலையில் பழியை வைத்தார், அவள் திருப்பிக் கேட்கமாட்டாள் என்பதால். புரிகிறது. புரிந்தபிறகும் எனக்கு ஆறவில்லை. அந்த அறைக்குப் பிறகு அவர் வாங்கி வந்த எதையும் நான் கைநீட்டி வாங்கியதில்லை. மேசையில் வைக்கச் சொல்வேன். கல்யாணம் முடித்துப் போகிற வரைக்கும் அப்படித்தான்.

பெரியப்பாவுக்கு நான் என்னென்ன நினைத்தேன் தெரியுமா? அவர் கடைக் குடோன் எரிந்து டவுன் முழுக்கக் கராம்புப் புகை மூட வேண்டும். அவர் நாக்கு வீங்கி வாய்க்குள் அடைபட வேண்டும். பள்ளிக்கூடத்தில் பகல் கனவு காண்கிறாள் என்று என்னை வெளியே நிறுத்தினார்களே, அப்போதெல்லாம் நான் அந்த வேலையில்தான் இருந்தேன்.

அம்மா கனவு காணவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு, தோட்டத்து லொறி நிற்கிற கொட்டகைக்குப் போய்ப் பழைய டியூப் இரண்டு கேட்டு வாங்கி வந்தாள். ஒட்டுப்போட்டுக் காற்றடித்தாள். நீளமான கயிறு இரண்டு வாங்கி, ஒவ்வொரு டியூபிலும் கட்டினாள். பின்னேரங்களில் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த பந்தடிக்கிற திடலுக்கு என்னைக் கூட்டிப்போவாள். நான் ஓடிப்போய்த் தூரத்தில் நிற்க வேண்டும். அவள் டியூபை எறிவாள். முதலில் காலடியில் விழுந்தது. பிறகு பாதி தூரம். கயிற்றைச் சுருளாகக் கையில் வைத்து எறிந்தால் சிக்காது என்று கண்டுபிடித்தாள். ஆளுக்கு நேரே எறியக்கூடாது, ஆளைத் தாண்டி எறிந்து இழுத்தால் கயிறு கையில் வந்து மாட்டும் என்று கண்டுபிடித்தாள். நான் மறுமுனையைப் பிடித்து இழுத்து அவளைத் தரையில் சாய்த்தபிறகு, எறிந்தவுடன் உட்கார்ந்து காலைக் கல்லில் ஊன்ற வேண்டும் என்றும் கண்டுபிடித்தாள். தண்ணீருக்குள் இறங்கவே கூடாது என்று எனக்கும் சொல்லி வைத்தாள். இறங்கினால் சாவு இரண்டாகும்.

பார்த்தவர்கள் அவளுக்குப் பைத்தியம் என்றார்கள். அப்பா வெட்கப்பட்டு அந்தப் பக்கமே வரமாட்டார். எதுக்கும்மா இது, அக்காதான் இல்லையே என்று நான் ஒருநாள் கேட்டேன். அம்மா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, அந்த மனுசன் மறுபடி போட் விடுவார் என்றாள்.

விட்டார். கவிழ்ந்த போட்டை எடுத்துப் பெயின்ட் அடித்தார். அதன் மூக்கில் அக்காவின் பெயரை எழுதினார். இறந்த பிள்ளையின் நினைவாக என்று வாய்க்கு வாய் புகழ்ந்தது டவுன். ஆவணி மாசம் ஃபாதரைக் கூட்டிப்போய் மந்திரிக்க ஏற்பாடு. எங்கள் வீட்டுக்கு ஆளனுப்பிக் கூப்பிட்டார். அப்பா அழுதுகொண்டே, பார்த்தாயா அண்ணன் மனசை என்றார். அம்மா போகலாம் என்றாள். போகிறபோது இரண்டு டியூபையும் கயிற்றையும் பஸ்ஸின் மேல்தட்டில் ஏற்றினாள்.

அந்த மாசத்தில் நாவுலைப் பக்கம் காற்று வேட்டியைக் கிழிக்கும். தண்ணீர் முழுக்க வெள்ளை நுரை. கரையில் நல்ல கூட்டம். ஃபாதர், கோயில் ஆட்கள், பெரியம்மா, வியாபாரிகள், சாப்பாட்டுக்கு வந்த தெரிந்தவர்கள். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். பெரியப்பா பேசினார். இளங்கன்று அவசரப்பட்டுவிட்டது, அவள் தவறை நான் மன்னித்துவிட்டேன், அவள் பெயர் இந்தத் தண்ணீரில் நிலைக்கும் என்றார். மன்னித்துவிட்டாராம். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். எனக்கு விரல் நொந்தது, சொல்லவில்லை.

முதல் சவாரிக்கு அவரும், மகனும், வியாபாரி நண்பர்கள் இரண்டு பேரும் ஏறினார்கள். அண்ணன் ஏறப் பின்வாங்கினான். தகப்பன் பார்த்த பார்வையில் ஏறிவிட்டான். அம்மா போய் இரண்டு டியூபையும் போட்டுக்குள் வைத்தாள். பெரியப்பா அவளைப் பார்க்காமல், அப்பாவைப் பார்த்து, நல்ல காரியத்தில் செத்தவீட்டுச் சாமானை ஏற்றச் சொல்லாதே என்றார். அப்பா டியூபைத் தூக்கிக் கரையில் வைத்தார். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அம்மா திரும்பி நடந்தாள். ஒரு பெரிய கல்லைப் பார்த்து அதன் பக்கத்தில் போய் நின்று, கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள்.

எல்லாரும் பார்க்க வேண்டும் என்பதால் அவர் தூரம் போகவில்லை. கூப்பிடு தூரத்தில் ஒரு வட்டம் போட்டார், கைதட்டினார்கள். இரண்டாம் வட்டத்தில் அலை மோட்டாரில் அடித்து, அது நின்றது. போட் பக்கவாட்டாகத் திரும்பியது. பெரியப்பா எழுந்து நின்றார். விளிம்பில் காலை ஊன்றினார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே செருப்பைக் கழற்றியிருந்தாள்.

போட் கவிழ்ந்ததும் கரையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இளந்தாரிகள் இரண்டு மூன்று பேர் சட்டையைக் கழற்றிக் குதிக்கப் போனார்கள். யாரும் இறங்காதீங்க என்று அம்மா சொன்ன குரலுக்கு நின்றுவிட்டார்கள். அண்ணன் அடிக்கட்டையைப் பிடித்திருந்தான். நண்பர்கள் இரண்டு பேரின் கையையும் இழுத்து அதில் வைத்தான், அன்றைக்கு அம்மா வைத்த மாதிரியே. காற்று கரையைப் பார்த்து வீசியது. போட் தானாகவே எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. அவர்கள் பேசியதையும் அந்தக் காற்று அப்படியே கொண்டுவந்து கொடுத்தது.

"தம்பி, அது முழுகப் போகுது. விட்டுட்டு என் பின்னால நீந்தி வா" என்று மகனைக் கூப்பிட்டார் பெரியப்பா.

அண்ணன் பதில் சொன்னான். அவன் குரல் அவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரியாது.

"வரமாட்டேன். அக்காவையும் இப்படித்தான் கூப்பிட்டீங்க. சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்தவளக் கூப்பிட்டீங்க. அவ கையத் தூக்கினப்பத் திரும்பிப் பாக்கலையே நீங்க."

பெரியம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா ஒரு நிமிஷம் அப்படியே மிதந்தார், பிறகு தனியாக நீந்தத் தொடங்கினார். பட்டு வேட்டி காலைச் சுற்றியது, காலில் போட்ட சப்பாத்து இழுத்தது, பின்னாலிருந்து ஒவ்வொரு அலையும் தலைக்கு மேலே போனது. பாதி வழியில் அவர் வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் சந்தோஷப்பட்டேன். எழுதக் கூச்சமில்லை.

அம்மா டியூபை எறிந்தாள். அவருடைய தலையைத் தாண்டி விழுந்தது, கயிறு தோளில் வந்து மாட்டியது. அவர் டியூபைக் கட்டிப்பிடித்தார். அம்மா உட்கார்ந்து, இரண்டு காலையும் கல்லில் ஊன்றி, கயிற்றை இறுக்கினாள். அவர் மூச்சு வாங்கினார், தலை தண்ணீருக்கு மேலே நின்றது. இனி அவர் சாகமாட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அம்மா இழுக்கவில்லை.

யாரோ உதவிக்குக் கயிற்றில் கை வைத்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்தாள், கையை எடுத்துவிட்டார்கள். இன்னொரு கயிற்றை என்னிடம் காட்டினாள். நான் எடுத்துக்கொண்டு ஓடி இளந்தாரிகளிடம் கொடுத்தேன். போட் கிட்டே வந்ததும் அவர்கள் எறிந்து அண்ணனையும் மற்ற இரண்டு பேரையும் பத்திரமாக இழுத்தார்கள். அதுவரைக்கும் பெரியப்பா டியூபோடு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். இழும்மா என்று இரண்டு தரம் சொன்னார்.

பிறகு அம்மா வாய் திறந்தாள். கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து அவரிடம் நேராகப் பேசாதவள். எந்த உறவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

"எம் பிள்ளை விளையாட்டுக்கு எழும்பி நின்னாளா?"

அவர் ஃபாதரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். குளிரில் தாடை அடித்துக்கொண்டது. அம்மா அவசரப்படவில்லை.

"இல்ல" என்றார்.

"நின்னது யாரு?"

"நான்தான்."

"போட்டை விட்டுட்டு வான்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன். என்னை வெளியே எடும்மா."

"அவ கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?"

கேட்டது என்று தலையை ஆட்டினார். அம்மா வாயால் சொல்லச் சொன்னாள். சொன்னார்.

அம்மா எழுந்தாள். கயிற்றின் முனையைத் தளரவிடாமல் கொண்டுபோய் அப்பாவின் கையில் வைத்தாள். "உங்க அண்ணன். நீங்க இழுங்க" என்றாள்.

அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. விட்டுவிடுவாரோ என்று கூட்டத்தில் எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், விட வேண்டும் என்றுதான் பார்த்தேன். அப்பா முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு முழமாக இழுத்தார். பெரியப்பா கரையில் ஏறி, தவழ்ந்து வந்து அப்பாவின் காலைத் தொட்டபோது, அப்பா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு அவரை அண்ணன் என்று அப்பா சொல்லி நான் கேட்டதில்லை. மாத்தளைக்காரர் என்பார்.

மேற்கொண்டு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பொலிசுக்கு யாரும் போகவில்லை, அந்தக் காலத்தில் போயிருந்தாலும் என்ன ஆகியிருக்கும். கோயிலில் அவருடைய வாங்கு காலியாகவே கிடந்தது, அவர் பின்னால் தூணுக்குப் பக்கத்தில் நின்று பூசை கண்டார். மிளகு விற்க வருகிறவர்கள்கூட நாவுலைக் கதையைக் கேட்டிருந்தார்கள். அண்ணன் அந்த வருஷமே விடுதியில் சேர்ந்து படிக்கப் போய்விட்டான். லீவுக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு வருவான், அம்மா கையால் சாப்பிடுவான். இப்போதும் அக்காவின் நாளுக்கு வெளிநாட்டிலிருந்து போன் எடுத்து, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் லைனில் இருப்பான்.

பெரியப்பா தொண்ணூறைத் தாண்டி இருந்தார். பெரியம்மா போய்ச் சேர்ந்தாள், கடை போனது, டவுன் வீட்டில் ஒரு வேலைக்காரரோடு தனியாக இருந்தார். அவருடைய கடைசிக் காலத்தில், மாத்தளையில் என் வீட்டில் அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், அவ்வளவு வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"கயிறு கையில இருந்துச்சே. விட்டுரலாம்னு ஒரு தடவையாவது தோணலையாம்மா?"

அம்மா பழுத்த இலையைக் கிள்ளி ஒதுக்கினாள்.

"விட்டிருந்தா செத்துப் போயிருப்பாரு. செத்திருந்தா ஊரே கூடி அழுதிருக்கும், உங்கப்பா உட்பட. உங்கக்கா பேர்ல இருந்த பழி அப்படியே இருந்திருக்கும்" என்றாள். பிறகு சாதாரணமாக, உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"அவருக்கு நீண்ட ஆயுசு குடு மாதாவேன்னு நான் ஒரு பூசையில கேக்காம இருந்ததில்ல."